ஒத்தை ஆளு கச்சேரி

தீவாளி போனசு கைக்கு வந்ததும் கம்பெனில பாதிப் பசங்க பைக்குக்கு முன்பணம் கட்டுனானுங்க. எம்பட பேரன் கிட்டாரு வாங்கியிருக்கான். நெம்ப சந்தோசம் சாமி. பைக்குன்னா பெட்ரோல் ஊத்தோணும். அவனாசி ரோட்டுல போலீசுக்காரன் கையைக் காட்டுவான். எந்தப் புள்ளையை ஏத்திக்கிட்டுச் சுத்தறான்னு ஒறம்பரைக்குள்ள பழமை கெளம்பும். கிட்டாருல அந்தத் தொந்தரவு ஒண்ணுமில்லை. நீ வாசிக்கிற வாசிப்புக்கு ஒரு புள்ளையும் கிட்ட வராது.

அதுலயும் நீ சும்மா கிட்டாரு பழகப் போறதில்லையாமா. ஜாஸ் பழகப் போறியாமா. ஜாஸுலயும் பாட்டு, கார்டு, பேஸு மூணையும் ஒத்தைக் கிட்டாருல ஒட்டுக்கா வாசிக்கிற கார்டு சோலோவாம். கோயமுத்தூருல பையரைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போன ஓட்டல்ல ஒருத்தன் மூலையில உக்காந்து அப்படி வாசிச்சானாமா. பையரு சோத்தை உட்டுப்போட்டு அவனையே பாத்துட்டு இருந்தானாமா. அன்னைக்கே நீ முடிவு பண்ணிட்டியாமா. உங்கம்மா சொல்லுச்சு. ஆர்டர் கெடைச்சுதான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் அவகிட்ட பதில் இல்லை.

"ஏனுங்க அப்பாரு, நிட்டிங் மாஸ்டரா இருந்த உங்களுக்கு ஜாஸைப் பத்தி என்னங்க தெரியும்?"னு நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். போத்தனூரு ரயில்வே காலனில ஒரு சட்டைக்காரத் தொரை எனக்குச் சினேகிதம். என்ஜின் டிரைவரு. ராத்திரியானா 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வைத் திருகுவாரு. வில்லிஸ் கொனோவர்னு ஒருத்தன், இங்கிலீசு அரைகொறையா வர்றவனுக்கும் வெளங்கோணும்னு நிறுத்தி நிறுத்திப் பேசி ஜாஸு ரெக்கார்டு போடுவான். 1955-ல ஆரம்பிச்ச நிகழ்ச்சி அது. இந்தியாவுல ஜாஸு வாசிச்சவங்கள்ல நெறையப் பேரு அந்த ரேடியோகிட்டத்தான் படிச்சாங்க. தொரை கிட்டாரை மடில போட்டு அந்தப் பாட்டைத் தேடுவாரு. நான் அவரு ஊட்டுக் கேக்கைத் தேடுவேன். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கெடைச்சுது.

சரி, உம்பட சாமானத்தைப் பாத்தேன். கிட்டாரு ஒண்ணு. ஆம்ப்ளிஃபயரு ஒண்ணு. காலால மிதிக்கிற பெடலு ரெண்டு. சுதி பாக்கற மிசினு. தோள்ல மாட்டற பெல்ட்டு, அதுல கழுகுப் படம் வேற. போனுல வீடியோவாச் சேத்து வெச்சிருக்கறே, ஒரு ஆயுசுக்குக் காணும். எத்தனை பாட்டு வருதுன்னு கேட்டா "இன்னும் செட்டப்பு முடியலீங்க"ங்கறே. மிசின் எறக்குனவனெல்லாம் தொழில் பண்ணியிருந்தா இந்த ஊர்ல பேங்குக்காரன் ஏலம் உட வேண்டிய அவசியமே வந்திருக்காதே கண்ணு.

கிட்டாரு கைக்கு வந்த தமிழன் மொதல்ல 'என் இனிய பொன் நிலாவே'ல தான் கையை வெப்பான். 1980-ல 'மூடுபனி' வந்ததுல இருந்து இது குலவழக்கம். நீயும் வெச்சே. பாதில நின்னே. நின்னதும், "இது ஈசிங்க, நான் ஜாஸுக்குப் போறேன்"னு சொன்னே பாரு, அங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. அந்தப் பாட்டைப் போட்ட மனுசன் பண்ணைப்புரத்துல இருந்து மெட்ராசு போயி, தன்ராஜ் மாஸ்டர் வாசல்ல நின்னு வெள்ளைக்காரன் சங்கீதம் படிச்சு, லண்டன் டிரினிட்டி காலேஜு கிட்டாருப் பரிச்சையில தங்கப் பதக்கம் வாங்குனவரு. அவருக்கு அத்தனை தேவைப்பட்டுது. உனக்கு கழுகு பெல்ட்டே போதும்னு தோணுது.

இப்பப் புதுசா ஒரு பொஸ்தகம் வேணும்ங்கறே. ரியல் புக்கு. வாங்கிக்க. அதோட கதையைத் தெரிஞ்சுட்டு வாங்கு. 1970-கள்ல பாஸ்டன்ல பெர்க்லி காலேஜுப் பசங்க, பாட்டுப் போட்டவனுக்கு ஒரு பைசா குடுக்காம, ஜாஸுக்காரங்க வாசிக்கிற பாட்டையெல்லாம் கையால எழுதி ஜெராக்ஸ் போட்டு வித்தாங்க. உலகம் முச்சூடும் பரவிருச்சு. 2004-ல தான் ஹால் லெனர்டு கம்பெனி முறையா உரிமை வாங்கி அச்சடிச்சுது. முப்பது வருசத்துக்குக் கிட்ட அத்தனை பெரிய வித்துவான்களும் டூப்ளிகேட்டை வெச்சுத்தான் வாசிச்சிருக்காங்க. டூப்ளிகேட்டுல நம்ம திருப்பூரை மட்டும் ஊரு பூராப் பேசறானுங்களேன்னு எனக்கு ஒரு கொறை இருந்துது. இந்தக் கதையைக் கேட்ட அன்னைக்குத் தீந்துது.

அதுல இருக்கற நானூறு சொச்சம் பாட்டுல நெறையப் பாட்டு என்னன்னு நெனைக்கறே? அவிய ஊரு நாடகப் பாட்டும் சினிமாப் பாட்டுந்தான். 'ஆல் த திங்ஸ் யூ ஆர்'னு ஒண்ணு. ஜெரோம் கெர்னு 1939-ல ஒரு நாடகத்துக்குப் போட்டாரு. நாடகம் 59 ஆட்டத்துல படுத்துருச்சு. பாட்டு இன்னும் படுக்கலை. 'சம்மர்டைம்' 1935-ல மேடையேறுன ஒரு ஆப்பராவுக்கு கெர்ஷ்வின் போட்டது. 'ஆட்டம் லீவ்ஸ்' அமெரிக்காக்காரன் பாட்டே கெடையாது. அங்கேரில பொறந்த ஜோசப் கோஸ்மா 1945-ல பாரீசுல போட்ட மெட்டு. பொறவுதான் ஜானி மெர்சர் இங்கிலீசுல எழுதுனாரு. ஊரு, பேரு, சாதி எதையும் ஜாஸுக்காரன் கேக்க மாட்டான். மெட்டு நல்லா இருக்குதா, அது மேல நாலு பேரு நாலு விதமா வாசிக்க எடங்குடுக்குதா, அவ்வளவுதான்.

இது உனக்குப் புதுசா இருக்கலாம். நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. காங்கயத்துக்குப் பக்கத்துல ஓலப்பாளையத்துல 1960-கள்ல பிரெண்டா பெக்குன்னு ஒரு அம்மா வந்து குடியிருந்துச்சு. ஆராய்ச்சிக்கு வந்தவிய. 1965-ல அண்ணமார் சாமி கதையை உடுக்கையடிச்சுப் பாடப் பாட, ராத்திரி ராத்திரியா உக்காந்து டேப்புல புடிச்சாங்க. அந்தக் கதை கேக்க வர்ற ஒவ்வொருத்தனுக்கும் முன்னாலயே தெரியும். பொன்னர் சங்கர் கடைசில என்ன ஆவாங்க, அருக்காணி எப்ப அழுவான்னு பால்குடி மறந்த புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சும் விடிய விடிய எதுக்கு உக்காந்திருந்தோம்? இன்னைக்கு இந்தப் பாட்டுக்காரன் எந்த எடத்துல நீட்டறான், எங்க மடக்கறான், உடுக்கையை எப்ப நிறுத்தறான்னு பாக்கத்தான். கதை ஊருக்குச் சொந்தம், சொல்றது அவனுக்குச் சொந்தம். ஜாஸுல எல்லாரும் வாசிக்கிற பாட்டை ஸ்டாண்டர்டுன்னு சொல்றானே, அதுக்கும் வேலை இதேதான். கதையே தெரியாதவன் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. இதை மட்டும் ஓரமா முடிஞ்சு வெச்சுக்க.

இப்ப உம்பட கார்டு சோலோவுக்கு வருவோம். பேண்டுன்னா பெரிய கம்பெனி. கட்டிங் மாஸ்டரு தனி, ஓவர்லாக்கு தனி, பேட்லாக்கு தனி, செக்கிங்குக்கு நாலு அம்மிணிக, அயர்னிங்குக்கு ஒரு பையன். கார்டு சோலோன்னா ஆளுக்குச் சம்பளம் குடுக்க வக்கில்லாத மொதலாளி ஷட்டரைப் பாதி எறக்கிப்போட்டு, தானே வெட்டி, தானே தெச்சு, தானே பிசிறு வெட்டி, தானே மடிச்சுப் பொட்டில போடறது. பாட்டு மேல் கம்பில. நடுக் கம்பில கார்டு. தடிச்ச கம்பில பேஸு. எங்க தப்புனாலும் திட்டறதுக்கு ஆளு கெடையாது. அதான் அதுல பெரிய கஷ்டம். ஜோ பாஸ்னு ஒரு ஆளு 'வெர்ச்சுவோசோ'ன்னு 1973-ல தனிக் கிட்டாருல ரெக்கார்டே போட்டாரு. இரும்பு மில்லுத் தொழிலாளி மகன். அதைக் கேட்டுப்போட்டு எத்தனை கிட்டாருக்காரங்க வாத்தியத்தைப் பரண்ல போட்டாங்களோ தெரியலை. நீ அதைக் கேட்டதும் "நானும் இதேமாதிரி"ன்னு கெளம்பியிருக்கறே. தைரியம் உங்க பாட்டி வழி.

ஷட்டரு எறக்குன கம்பெனில மொதலாளி மொதல்ல என்ன பண்ணுவான்? வேண்டாத வேலையைக் கழிப்பான். நீயும் கழி. ஒரு கார்டுல நாலு சுரம் இருக்குதுன்னு வெச்சுக்க: ச, க, ப, நி. இதுல ப-வைத் தூக்கி வீசு. அது இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். கார்டு சிரிக்குதா அழுகுதான்னு காட்டறது க-வும் நி-யுந்தான். அடில ச பேஸு. இந்த மூணு இருந்தா காது மீதியைத் தானா நெரப்பிக்கும். நீ என்னமோ ஆறு கம்பிலயும் ஆறு வெரலைக் கேக்கற கார்டாத் தேடித் தேடி எழுதி வெச்சிருக்கறே. ஆண்டவன் குடுத்தது இடது கையில நாலு வெரலு. கட்டைவிரலு பின்னால முட்டுக்குடுக்கப் போயிருது.

நான் சொல்றது நெசமான்னு 'ஆட்டம் லீவ்ஸ்'லயே பாரு. ஈ மைனர்ல வாசிப்பாங்களே, அதுலயே பாரு. ஜி-யை ச-ன்னு வெச்சுக்க. பாட்டு மூணு சுரம் ஏறி, தாவி, ஒரு சுரத்துல போயி நீட்டி நிக்கும். திரும்பவும் மூணு ஏறி, இன்னொண்ணுல நிக்கும். மொத எட்டு பார்ல அது நிக்கற எடத்தை மட்டும் பொறுக்கி எடுத்தா என்ன வருது? ம. க. ரி. ச. அவ்வளவுதான் சாமி. பாட்டு வகுப்புல மொத நாள் சொல்லித் தர்ற எறங்கு வரிசையில பாதி. அதை வெச்சுக் கோஸ்மா உலகத்தையே அழ உட்டிருக்கான்.

கிட்டாருல எடத்தைப் பாரு. ம, ரெண்டாங் கம்பி மொத ஃப்ரெட்டு. க, ரெண்டாங் கம்பியை வெறுமனே உடு. ரி, மூணாங் கம்பி ரெண்டாம் ஃப்ரெட்டு. ச, மூணாங் கம்பி வெறுமனே. ஒத்தை வெரலு வேலை. அடில பேஸுக்கு அஞ்சாங் கம்பி வெறுமனே ஏ, நாலாங் கம்பி வெறுமனே டி, ஆறாங் கம்பி மூணாம் ஃப்ரெட்டுல ஜி. கார்டு நடக்கற நடையும் நமக்குத் தெரிஞ்ச சுரந்தான்: ரி, ப, ச. ஜாஸுக்காரன் டூ ஃபைவ் ஒன்னு சொல்லித் தலையை ஆட்டுவானே, அது இதுதான். நூத்துக்கணக்கான ஸ்டாண்டர்டுல இதே நடை திரும்பத் திரும்ப வருது. ஒரு பாட்டுல காலு பழகிருச்சுன்னா மத்த பாட்டுல பாதித் தூரம் நீ ஏற்கெனவே வந்துட்டே.

இதுல ஒரு கள்ளத்தனம் இருக்குது, தொரைதான் காட்டுனாரு. மேல ம நிக்கும்போது அடில ஏ மைனர் செவன். அந்தக் கார்டுக்கு அந்தச் சுரம் க. மேல வெரலை எடுக்காம அடில டி செவனுக்கு மாத்து. இப்ப அதே சுரம் நி ஆயிருச்சு. பாட்டு அசையவே இல்லை, அர்த்தம் மாறிருச்சு. பொறவு பாட்டு ஒரு படி எறங்கி க-ல நிக்குது, ஜி மேஜர் செவனுக்கு அது க, அடுத்த சி மேஜர் செவனுக்கு நி. அப்படியே ரி. கடைசில ச, ஈ மைனருக்கு அது க. அதனால நடுவுல என்ன போடறதுன்னு நீ மண்டையை ஒடைக்க வேண்டியதே இல்லை. பாட்டு அந்தந்தக் கார்டோட க-வுல நின்னா நடுவுல நி-யைப் போடு. பாட்டு நி-ல நின்னா க-வைப் போடு. ஏ மைனர் செவனுக்கு நடுவுல மூணாங் கம்பி வெறுமனே. ஜி மேஜர் செவனுக்கு நாலாங் கம்பி நாலாம் ஃப்ரெட்டு. மூணே சுரத்துல முழுக் கார்டு. இதைச் சொல்லிட்டு தொரை வெத்தலைக்குக் கையை நீட்டுனாரு. ரயில்வே காலனிப் பழக்கம் இல்லை அது, நான் பழக்குனது.

ஆனா உனக்கு இது புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். லேசா இருக்குதே! கார்டு பேருல ஃபிளாட்டு நைனு, ஷார்ப்பு லெவனு ஒண்ணும் இல்லையே! வீடியோல போட்டா எவன் பாப்பான்! அதனால ஏறுற மூணு சுரத்துக்கும் ஒவ்வொரு கார்டைச் சொருகுவே. பாட்டு மூச்சு முட்டிச் சாவும். ஏறுற சுரத்தை வெறுமனே உடு. போயி நிக்கற எடத்துல மட்டும் கார்டு வை. நீ வாசிக்கறதைக் கேட்டு உங்கம்மா அடுப்படில நின்னு கூடவே முனகுனா, பாட்டு உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். "என்னடா கம்பி கட்டறியா?"ன்னு கேட்டா நடுவுல இருக்கற சாமானத்தை இன்னும் கழி.

அதுக்கும் முன்னால ஒண்ணு. கிட்டாரைத் தொடாம வாயில பாடு. உம்பட கொரலு எனக்குத் தெரியும், பொடக்காணில போயிப் பாடு. வாயில வராத பாட்டு வெரல்ல வராது. தாளத்தை எண்ணிக்க: நாலு எண்ணிக்கையில ஒரு பாரு, 32 பாரு ஒரு சுத்து. நம்ம கணக்குல ஆதி தாளம் பதினாறு ஆவர்த்தனம். கும்மியில தட்டற பழக்கத்துல மொத எண்ணிக்கையில ஓங்கித் தட்டிராதே. ஜாஸுல ரெண்டுலயும் நாலுலயும் தட்டு. மொதல்ல நொண்டும். நொண்டட்டும். சுரத்தை ஒரே அளவா வெட்டாதே. தகிட, தகிடன்னு சொல்லி நடு 'கி'யை முழுங்கு. த...ட, த...ட. அந்தச் சாய்மானத்தைத்தான் ஸ்விங்குன்னு சொல்லி அவன் நாட்டுல ஒரு காலமே ஆடிக் கெடந்துது.

"டைம் எங்கீங்க அப்பாரு, ஷிப்மெண்டு இருந்தா ராத்திரி பத்தாயிருது"ன்னு இழுக்கறே. உனக்காகவே ஒருத்தனை வெச்சிருக்கறேன். வெஸ் மாண்ட்காமரி. இண்டியானாபொலிஸ்ல பொறந்தவன், 1923-ல. இருவது வயசை ஒட்டித்தான் ஆறு கம்பிக் கிட்டாரைத் தொட்டான். சார்லி கிறிஸ்டியன் ரெக்கார்டை வெச்சு ஒவ்வொரு சுரமாக் காதுல பொறுக்கிப் படிச்சான். நோட்டு படிக்கத் தெரியாது. பகல் பூரா பேக்டரி வேலை. பொழுது உளுந்ததும் கிளப்புல வாசிப்பு. அது முடிஞ்சதும் இன்னொரு கிளப்புல விடியற வரைக்கும் வாசிப்பு. ஊடு நெறையப் புள்ளைக. பிளாஸ்டிக் துண்டு வெச்சு மீட்டுனா சத்தம், தூங்கறவங்களுக்குத் தொந்தரவுன்னு கட்டைவிரலால மெத்துன்னு தட்டப் போயி, அந்தச் சத்தத்துக்கே உலகம் மயங்கிப் போச்சு. 1959-ல கேனன்பால் ஆடர்லி கேட்டுப்போட்டு ரெக்கார்டு கம்பெனிக்குச் சொல்லி உட்டாரு. நம்ம லைன் ஊட்டுல ரெண்டு பக்கமும் பொதுச் செவுரு. ஒரு பக்கம் நைட்டு ஷிப்ட்டு முடிச்சவன் பகல்ல தூங்கறான், இன்னொரு பக்கம் பகல் ஷிப்ட்டுக்காரன் ராத்திரி தூங்கறான். ஆம்ப்ளிஃபயரை மூட்டை கட்டு. கட்டைவிரலை வெளில எடு.

வெஸ் வாசிக்கிற முறையையும் கவனிச்சுக்க. எடுத்த எடுப்புல கார்டுல பாய மாட்டான். மொதச் சுத்து ஒத்தைச் சுரம். பொறவு அதே சுரத்தை மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயி ரெண்டுலயும் சேத்து ஆக்டேவு. கேக்கறவன் இதுக்கு மேல என்ன இருக்குதுன்னு நிமிந்து உக்காந்த பொறவுதான் கார்டுலயே பாட்டு கட்டுவான். அடுக்கி அடுக்கி ஏத்துவான். நீ மூணாம் படில இருந்து ஆரம்பிக்கணும்ங்கறே. 45 வயசுல, 1968-ல மாரடைப்புல போயிட்டான், பாவம். தூக்கத்தை வித்து வாங்குன பாட்டு. அந்த ஒண்ணை மட்டும் அவன்கிட்ட கத்துக்காதே. வேலை முடிச்சு வந்தா அரை மணி நேரம் வாசி, பொறவு படு.

வெரலு வலிக்குதுன்னு வேற காட்டுனே. செவந்திருந்துது, பாத்தேன். சாமி, ஊசி ஏறுன வெரலை உதறிப்போட்டு அடுத்த பீஸை எடுக்கற டைலருங்க இருக்கற ஊரு இது. ஜாங்கோ ரைன்ஹார்டுன்னு பிரான்சு பக்கத்து நாடோடி, 1928-ல வண்டி தீப்புடிச்சு இடது கையில ரெண்டு வெரலு சுருண்டு போச்சு. மீதி ரெண்டு வெரல்ல சோலோ வாசிச்சு கிட்டாருக்காரன் எல்லாத்தையும் தலைகுனிய வெச்சான். பர்மிங்காம்ல டோனி அயோமின்னு ஒரு பையன், தகரப் பட்டறையில கடைசி நாள் வேலைக்குப் போயி மிசினுல ரெண்டு வெரலு நுனியைக் குடுத்துட்டு வந்தான். பட்டறை போர்மேன் ஜாங்கோ ரெக்கார்டைக் கொண்டாந்து போட்டுக் காட்டுனாரு. பையன் பிளாஸ்டிக்கை உருக்கி வெரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சான். அது ஜாஸு இல்லை, பிளாக் சப்பாத்துன்னு காதைப் பொளக்கற கோஷ்டி. இருந்தாலும் போர்மேன்னா அப்படி இருக்கோணும். நம்மூருல போர்மேன் போட்டுக் காட்டறது வேற.

இந்தச் சங்கீதம் நம்ம பக்கம் காலே வெக்கலைன்னு நெனைக்காதே. டேவ் புரூபெக்கு 1958-லயும் டியூக் எலிங்டன் 1963-லயும் அமெரிக்க சர்க்காரு செலவுல மெட்ராசு வந்து வாசிச்சாங்க. ராணிப்பேட்டையில பொறந்த பிரசன்னா ஐஐடில கப்பல் கட்டப் படிச்சுப்போட்டு பெர்க்லி போயி, கர்நாடக சங்கீதத்தையும் ஜாஸையும் ஒரே கிட்டாருல வாசிக்கறாரு. ஆனா நீ கேக்க வேண்டிய ஆளு பெங்களூருல பொறந்த கார்ல்டன் கிட்டோ. சட்டைக்காரரு. ரெக்கார்டையும் ரேடியோவையும் வெச்சுத் தானாப் படிச்சவரு. கல்கத்தா போயி பார்க் ஸ்ட்ரீட்டு ஓட்டல்கள்ல வாசிச்சாரு. அங்கத்த ராத்திரிக் கச்சேரியெல்லாம் ஓஞ்சு, கூட வாசிச்சவங்க பம்பாய் சினிமாவுக்குப் போனாங்க. இவரு போகலை. பீபாப்புங்கற ஜாஸுதான் வாசிப்பேன்னு அங்கயே உக்காந்தாரு. பசங்களுக்குக் கிட்டாரு சொல்லிக் குடுத்தாரு. 2016-ல காலமாகற வரைக்கும் அதேதான். சுஷீல் குரியன்னு ஒருத்தர் 'ஃபைண்டிங் கார்ல்டன்'னு இவரைத் தேடிப் போயிப் படமே எடுத்தாரு. காசு பெருசா சேந்த மாதிரி தெரியலை. படத்துல அவரு மூஞ்சில கொறை ஒண்ணும் தெரியலைங்கறதையும் சொல்லிப்போடோணும்.

காசுன்னதும் ஞாபகம் வருது. "நல்லா வந்துட்டா இதுல சம்பாதிக்கலாமுங்களா?"ன்னு கேட்டே. தாராளமா. திருப்பூருல ஜாஸு கேக்கறவங்களை எல்லாம் ஒட்டுக்காக் கூட்டுனா ஒரு ஷேர் ஆட்டோ நெறையும், டிரைவரையும் சேத்து. கோயில் நோம்பில மேடை ஏறிராதே. வள்ளி கும்மிக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால நீ 'ஆட்டம் லீவ்ஸ்' எடுத்தா, மைக்செட்டுக்காரன் கேபிளைச் சுருட்ட ஆரம்பிச்சிருவான். கல்யாணத்துலயும் வேண்டாம். பந்தில உக்காந்தவன் ரசத்துக்குக் கையைத் தூக்குவான், நீ பாராட்டறான்னு நெனைச்சுக்குவே.

ஆனா இந்த ஊர்ல கிட்டாரு பழகறதுக்குன்னே காலம் வந்து வந்து போகும். 2011 சனவரில ஐகோர்ட்டு உத்தரவுல சாயப்பட்டறையெல்லாம் ஒட்டுக்கா மூடுனப்ப துணி வராம தெச்சவங்களும் கையைக் கட்டி உக்காந்தாங்க. 2020-ல கொரோனா. 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரின்னான், ஆர்டர் நின்னுச்சு. அவன் பனியனுக்குத்தான் வரி போட்டான். அவன் பாட்டுக்கு நாம வரி போடலை. வேலை இல்லாத நாள்ல டீக்கடையில உக்காந்து டிரம்பைத் திட்டுனா அவனுக்குக் கேக்கப் போறதில்லை. அந்த நேரத்துல ம, க, ரி, ச-வை ஒழுங்கா நிறுத்திப் பழகு. கரண்டு போனாலும் ஆம்ப்ளிஃபயரு இல்லாத கிட்டாரு வேலை செய்யும்.

பாட்டு ஒண்ணு போதும். ஒரு வருசத்துக்கு 'ஆட்டம் லீவ்ஸ்' மட்டும். மெட்டு மட்டும் மொதல்ல. பொறவு மெட்டும் பேஸும். பொறவு நடுவுல ஒரு சுரம். அது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரோணும். பொறவு ஒரு எடத்துல நீயா நீட்டிப் பாரு, ஒரு எடத்துல மடக்கிப் பாரு. அடுத்த பாட்டுக்குப் போகலாமான்னு என்னைக் கேக்காதே, உங்கம்மாவைக் கேளு. அவ முனகறதை நிறுத்திட்டு உக்காந்து கேக்க ஆரம்பிச்சா போகலாம்.

அடுத்த தடவை கோயமுத்தூரு போறப்ப கம்பி ரெண்டு செட்டு வாங்கிட்டு வா கண்ணு. மொதக் கம்பியை மட்டும் தனியா எச்சா வாங்கிக்க. அதுதான் மொதல்ல அறும்.